நோயாளி விரதம் இருக்கலாமா? யூத மரபு தரும் பதில்

காம்பார்: மார்கழி பிறப்பதற்குள்ளாகவே காம்பார், கோப்பேங், தாப்பா வட்டாரத்து வீடுகளில் ஒரு வாக்குவாதம் தொடங்கிவிடும். இனிப்பு நீர் உள்ள அம்மா இந்த ஆண்டும் பால்குடம் எடுக்க வேண்டும் என்பார். நாற்பத்தெட்டு நாள் ஒருவேளைச் சாப்பாடு. ஊசி போட்டுக்கொள்பவர் ஒருவேளை மட்டும் சாப்பிட்டால் என்ன ஆகும் என்று பிள்ளைகள் கேட்பார்கள். "முருகன் பார்த்துக்கொள்வான்" என்று அம்மா பேச்சை முடித்துவிடுவார்.

முருகன் பார்த்துக்கொள்வான் என்பதில் நமக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார, நோய்நிலை ஆய்வு ஒரு கணக்கைச் சொன்னது. மலேசியாவில் வயது வந்தவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களிடையே மட்டும் அது 31.4 விழுக்காடு, எல்லா இனங்களையும் விட அதிகம். மூன்று பேரில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் கல்லுமலைக்குக் காவடி எடுத்துப் போகும் கூட்டத்தில் எத்தனை பேர் மாத்திரையை நிறுத்திவிட்டு நடக்கிறார்கள்?

சமயக் கடமை பெரிதா, உடம்பு பெரிதா என்ற கேள்வியை இரண்டாயிரம் ஆண்டுகளாக விடாமல் விவாதித்து, பதிலைச் சட்டமாகவே எழுதி வைத்த சமூகம் ஒன்று உண்டு. அவர்கள் யூதர்கள். யூதர் என்றதும் காஸாவும் அரசியலும்தான் இன்று நம் நினைவுக்கு வரும். அந்த அரசியல் வேறு, இந்தக் கட்டுரையின் பொருள் வேறு. இங்கே பேசப்படுவது அந்த நாடு உருவாவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே எழுதப்பட்ட சமய நூல்களையும், அவற்றைப் பின்பற்றிய குடும்பங்களின் வழக்கங்களையும் பற்றி. அவர்கள் நம் பக்கத்திலும் வாழ்ந்தவர்கள்தாம். பினாங்கில் ஜாலான் ஜைனல் அபிடின் என்று இன்று அழைக்கப்படும் சாலைக்கு முன்பு யாஹுடி சாலை என்று பெயர். அங்கே 1805இல் தொடங்கப்பட்ட யூதர் கல்லறை இன்றும் இருக்கிறது.

சாப்பிடுவதே கடமை

யூதர்களின் ஆண்டில் மிகப் புனிதமான நாள் யோம் கிப்பூர். செய்த தவறுகளுக்கு மன்னிப்புக் கேட்கும் நாள். முதல் நாள் பொழுது சாய்வதிலிருந்து மறுநாள் இரவு வரை ஏறக்குறைய 25 மணி நேரம், சோறும் கிடையாது, தண்ணீரும் கிடையாது. நம் விரதத்தில் இருக்கும் பால், பழம் என்ற சலுகை அதில் இல்லை. ஆண்டு முழுவதும் ஜெப ஆலயத்தை எட்டிப் பார்க்காதவர்கள்கூட அன்று விரதம் இருப்பார்கள்.

இவ்வளவு கடுமையான விரதத்தில் நோயாளி என்ன செய்வது? கி.பி. 200 அளவில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற சட்ட நூல் இதற்கு நேரடியாகப் பதில் சொல்கிறது. விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் நோயாளிக்கு உணவு கொடுக்க வேண்டும். அப்படிப்பட்டவர்கள் அங்கே இல்லை என்றால் நோயாளியின் சொல்லே போதும். அவர் போதும் என்று சொல்லும்வரை கொடுக்க வேண்டும்.

பின்னால் வந்த அறிஞர்கள் இதை மேலும் தோண்டினார்கள். மருத்துவர் சாப்பிடச் சொல்கிறார், நோயாளி வேண்டாம் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது? மருத்துவர் பேச்சை. மருத்துவர் தேவையில்லை என்கிறார், நோயாளி என்னால் முடியவில்லை என்கிறார், அப்போது? நோயாளியின் பேச்சை. தன் உடம்பின் வேதனை அவனவனுக்குத்தான் தெரியும் என்பது அவர்கள் காட்டும் காரணம். கவனித்துப் பார்த்தால், யார் பேச்சைக் கேட்டாலும் முடிவு ஒரே பக்கம்தான் விழுகிறது. உயிருக்கு ஆபத்து வருமோ என்ற சந்தேகம் இருந்தாலே போதும், சாப்பிட வேண்டும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் கர்ப்பிணியைப் பற்றியது. விரத நாளில் எங்கிருந்தோ சமையல் வாசனை வருகிறது, மசக்கைக்காரிக்கு ஆசை தாங்கவில்லை. முதலில் அவள் காதோடு, இன்று என்ன நாள் தெரியுமா என்று மெதுவாகச் சொல்லிப் பார்க்கச் சொல்கிறார்கள். அடங்கினால் சரி. அடங்கவில்லையா, ஊட்டிவிடு. திட்டுவதும் இல்லை, பரிகாரமும் இல்லை. சட்டம் எழுதிய அந்தத் தாத்தாக்கள் வீட்டில் பிள்ளைத்தாய்ச்சிகளைப் பார்த்துப் பழகியவர்களாக இருந்திருக்க வேண்டும்.

இன்றும் இந்த முறை நடப்பில் இருக்கிறது. கொஞ்சமாவது சாப்பிட்டே ஆக வேண்டிய நோயாளிக்கு, ஒரு வாய்க்கும் குறைவான அளவு உணவோ நீரோ கொடுத்து, சில நிமிடம் விட்டு மறுபடி கொடுப்பார்கள். விரதத்தின் மரியாதையும் கெடவில்லை, சர்க்கரையும் இறங்கவில்லை. அந்த அளவுகூடப் போதாது என்று மருத்துவர் சொன்னால் வழக்கம்போல் சாப்பிட வேண்டியதுதான். அப்படிச் சாப்பிடுவதைப் பாவம் என்று யாரும் சொல்வதில்லை. விரதம் இருந்து உயிரை ஆபத்தில் வைப்பதுதான் பாவம்.

உயிர் காக்கும் இந்தக் கடமைக்கு எபிரேய மொழியில் பிக்குவாக் நெஃபெஷ் என்று பெயர். வேலை எதுவும் செய்யக் கூடாத ஓய்வுநாளிலும் நோயாளிக்காகத் தீ மூட்டலாம், வெந்நீர் போடலாம். இன்றைய நிலையில் வண்டி ஓட்டலாம். சிலை வழிபாடு, கொலை, முறைகேடான உறவு ஆகிய மூன்றைத் தவிர மற்ற எல்லா விதிகளும் உயிருக்கு வழிவிட வேண்டும்.

12ஆம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த மைமோனிடிஸ் இதற்கு ஒரு நுட்பமான விதியை எழுதினார். ஓய்வுநாளில் நோயாளிக்காக விதியை மீற வேண்டி வந்தால் அந்த வேலையைச் சிறு பிள்ளைகளிடமோ வேற்று மதத்தாரிடமோ தள்ளிவிடக் கூடாது. ஊரின் பெரிய அறிஞர்களே முன்வந்து செய்ய வேண்டும். கோயில் தலைவரும் குருக்களும் கண்முன்னே செய்தால்தான், இது ஏதோ ஓட்டை வழியாகத் தப்பிப்பது அல்ல, சமயமே கட்டளையிட்டது என்று சாதாரண ஜனங்களுக்குப் புரியும்.

எருசலேம் தல்மூத் என்ற இன்னொரு பழைய நூல் இன்னும் ஒரு படி மேலே போகிறது. உயிர் ஊசலாடும் நேரத்தில், இதைச் செய்யலாமா என்று ரபியைத் தேடிப் போய்க் கேட்டுக்கொண்டிருப்பவன் இரத்தம் சிந்துபவனுக்குச் சமம் என்கிறது. கேட்கப்பட்ட ரபியையும் விடவில்லை. அவருக்கு அது இழிவு என்கிறது. ஏன் இழிவு? தன் ஊர் மக்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லி வைக்காததால்தானே அவன் கேட்க வேண்டி வந்தது என்று உரைகாரர்கள் விளக்குகிறார்கள்.

1848இல் இன்றைய லித்துவேனியாவின் வில்னா நகரில் காலரா பரவியது. யோம் கிப்பூர் வந்தது. ரபி இஸ்ரேல் சலாண்டர் அன்று ஜெப ஆலயத்தில் எல்லோர் முன்னிலையிலும் தானே உணவை எடுத்துச் சாப்பிட்டுக் காட்டினார் என்று ஒரு செய்தி யூதர்களிடையே வழிவழியாகச் சொல்லப்படுகிறது. சிலர் சாப்பிட்டதை மறுத்து, விரதம் வேண்டாம் என்று அறிவிப்பு மட்டும் ஒட்டினார் என்பார்கள். எப்படி இருந்தாலும், மக்கள் கேட்பதற்கு முன்பே பெரியவர் பேசிவிட்டார்.

மருந்தும் தாயத்தும்

நோயைக் கடவுள்தான் தருகிறார் என்றால் மனிதன் மருந்து கொடுப்பது குறுக்கீடு ஆகாதா? இந்தச் சந்தேகமும் அவர்களுக்கு வந்தது. ஒருவனை அடித்துக் காயப்படுத்தியவன் மருத்துவச் செலவைக் கட்ட வேண்டும் என்று தோராவில் ஒரு விதி இருக்கிறது. குணப்படுத்த மருத்துவருக்கு அனுமதி உண்டு என்பதை அதிலிருந்தே தல்மூத் எடுத்துக்கொண்டது. படித்தவன் குடியிருக்கத் தகுந்த ஊரில் மருத்துவர் இருக்க வேண்டும், கழிப்பிடம் இருக்க வேண்டும் என்றும் அது பட்டியல் போடுகிறது. நம் தோட்டங்களில் டிரெசரும் சிறிய ஆஸ்பத்திரியும் இருந்த காலத்தை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. தோட்டம் துண்டாடப்பட்டு லயத்தை விட்டு வெளியேறியபோது, கோயிலை எங்கே மாற்றுவது என்று கூட்டம் போட்டுப் பேசினோம். டிரெசர் இருந்த இடத்துக்கு அடுத்து என்ன என்று அவ்வளவு பேசினோமா?

யூதர்கள் எல்லோரும் ஒரே குரலில் பேசினார்கள் என்றும் நினைத்துவிடக் கூடாது. மிகச் சிறந்த மருத்துவருக்கும் நரகத்தில் இடம் உண்டு என்ற பொருளில் மிஷ்னாவிலேயே ஒரு குத்தல் இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டின் ஸ்பானிய அறிஞர் நஹ்மானிடிஸ், உண்மையான பக்தனுக்கு மருத்துவரே தேவைப்படாது என்று எழுதினார். வேடிக்கை என்னவென்றால் அவர் தொழிலும் மருத்துவம்தான்.

மைமோனிடிசும் மருத்துவர். சுல்தான் சலாவுதீன் காலத்து எகிப்திய அரசவைக்குப் போய்வருவார். 1199இல் எழுதிய ஒரு கடிதத்தில் தன் நாளை அவர் விவரிக்கிறார்: காலையில் கெய்ரோ அரண்மனை, மதியம் தாண்டிப் பசியோடு வீடு திரும்பினால் வாசல் நிறைய நோயாளிகள், இரவில் படுத்தபடியே மருந்து எழுதிக் கொடுக்கும் அளவுக்குக் களைப்பு. இன்றைய அரசாங்க மருத்துவமனை டாக்டர்கள் படித்தால் சிரித்துக்கொள்வார்கள். பசித்த பிறகு சாப்பிடு, வயிறு முட்டச் சாப்பிடாதே, சாப்பிடுவதற்கு முன் உடம்பை அசைத்து வேலை வாங்கு என்று தன் சமயச் சட்ட நூலிலேயே அவர் எழுதி வைத்தார். திருக்குறளின் 95ஆம் அதிகாரம் 'மருந்து' படித்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. முன்னே உண்டது செரித்ததை அறிந்து உண்பவனுக்கு மருந்தே வேண்டாம் என்பதைத்தான் வள்ளுவரும் அங்கே வலியுறுத்துகிறார்.

மந்திரிப்பதை மைமோனிடிஸ் வெறுத்தார். காயத்தின்மேல் வேத வசனத்தை ஓதிக் குணமாக்கப் பார்ப்பவன் வேதத்தை மருந்துக் கடைச் சரக்காக ஆக்குகிறான் என்பது அவர் கருத்து. ஆனால் ஜனங்கள் கேட்டார்களா என்றால் இல்லை. தகடு எழுதிக் கட்டுவது, கண்ணேறு கழிப்பது எல்லாம் யூத வீடுகளிலும் தொடர்ந்து நடந்தன. டாக்டர் கொடுத்த மாத்திரையும் பொமோ மந்திரித்துக் கொடுத்த தண்ணீரும் ஒரே மேசையில் இருக்கும் வீடு நமக்கும் தெரியும்.

பெயர் விஷயத்தில் இரண்டு சமூகமும் அண்ணன் தம்பி போலத்தான். கடுமையான நோயில் விழுந்தவருக்கு யூதர்கள் 'ஹாயிம்' என்று இன்னொரு பெயரைச் சேர்ப்பார்கள். உயிர் என்று பொருள். கிழக்கு ஐரோப்பாவில் பிள்ளைகளைப் பறிகொடுத்த வீட்டில் அடுத்த குழந்தைக்கு 'ஆல்டர்' என்று பெயர் வைத்தார்கள். கிழவன் என்று பொருள். எமதூதன் வந்து பார்த்தால் கிழவன் என்று நினைத்து ஏமாந்து போகட்டும், பிள்ளை உண்மையிலேயே கிழவனாகும்வரை வாழட்டும். நம்மவர்கள் குப்பையில் உருட்டி எடுத்துக் குப்பன், குப்பம்மாள் என்றும், பிச்சை கேட்டு வாங்கியதாகச் சொல்லிப் பிச்சை என்றும் பெயர் வைத்ததற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? நாம் அர்ச்சனையில் நட்சத்திரமும் ராசியும் சொல்கிறோம். அவர்கள் நோயாளிக்கான பிரார்த்தனையில் தாயின் பெயரைச் சேர்த்து இன்னாள் மகன் இன்னார் என்கிறார்கள்.

கொச்சியில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். 1568இல் கட்டப்பட்ட பரதேசி ஜெப ஆலயம் இருக்கும் மட்டாஞ்சேரிப் பக்கத்தில் நெஹேமியா மூத்தா என்ற யூதப் பெரியவரின் சமாதி உண்டு. 1615இல் இறந்தவர். யூதர்களில் பெரும்பாலோர் 1950களில் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். ஆனாலும் இந்துவும் முஸ்லிமும் கிறிஸ்தவரும் அங்கே வந்து மெழுகுவர்த்தி ஏற்றி வேண்டிக்கொள்வது நிற்கவில்லை. நாகூர் தர்காவுக்கும் வேளாங்கண்ணிக்கும் நேர்ந்துகொண்டு போகும் நமக்கு அதில் வியப்பு ஒன்றும் இல்லை.

இந்தியாவில் மருத்துவத்தால் பெயர் பெற்ற யூதர் என்றால் வால்டமார் ஹாஃப்கின். ஒடெசாவில் 1860இல் பிறந்தவர். காலரா தடுப்பூசியை 1892 ஜூலையில் முதலில் தன் உடம்பிலேயே போட்டுப் பார்த்தார். 1893இல் இந்தியா வந்து, கல்கத்தாவின் குடிசைப் பகுதிகளிலும் அஸ்ஸாம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களிடையேயும் ஊசி போட்டார். நம் முன்னோரைப் போலவே கூலிகளாகக் கொண்டுபோகப்பட்டு, காலராவில் கொத்துக் கொத்தாக மாண்டவர்கள் அவர்கள். பம்பாயில் பிளேக் தடுப்பூசியையும் 1897 ஜனவரியில் தனக்கே போட்டுச் சோதித்தார். 1902இல் பஞ்சாபின் முல்கோவால் கிராமத்தில் ஊசி போட்டவர்களில் 19 பேர் தசைவிறைப்பு நோயால் இறந்தார்கள். பழி அவர்மேல் விழுந்தது, பதவி போனது. குற்றமற்றவர் என்று 1907இல்தான் ஏற்கப்பட்டது. பம்பாயில் அவர் நடத்திய ஆய்வுக்கூடத்துக்கு 1925இல் அவர் பெயரையே வைத்தார்கள். ஆய்வுக்கூடத்தில் வாழ்நாளைக் கழித்த இந்த மனிதர் பிற்காலத்தில் சமய ஒழுக்கத்தைக் கண்டிப்பாகக் கடைப்பிடித்தார், அதை ஆதரித்து 1916இல் கட்டுரையும் எழுதினார். ஊசியும் பக்தியும் அவருக்கு ஒன்றோடு ஒன்று மோதவில்லை.

நோயாளியைப் பார்க்கப் போகும்போது

யூத மரபில் நோயாளியைப் போய்ப் பார்ப்பது விருப்பம் அல்ல, கடமை. பிக்கூர் ஹோலிம் என்று அதற்குப் பெயர். பார்க்கப் போகிறவர் நோயில் அறுபதில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு போகிறார் என்கிறது தல்மூத். அப்படியென்றால் அறுபது பேர் போனால் நோய் தீர்ந்துவிடுமா என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொருவரும் மிச்சம் இருப்பதில்தான் அறுபதில் ஒன்றை எடுப்பார் என்று பதில் வந்தது.

ரபி அக்கிவாவைப் பற்றிய கதை இன்னும் நல்லது. அவருடைய மாணவர்களில் ஒருவர் நோயில் கிடந்தார், யாரும் எட்டிப் பார்க்கவில்லை. அக்கிவா போனார். அவர் போனதால் அறையைக் கூட்டித் தண்ணீர் தெளித்தார்கள். மாணவர் பிழைத்துக்கொண்டு, நீங்கள்தான் எனக்கு உயிர் கொடுத்தீர்கள் என்றார். நலம் விசாரிப்பது என்றால் வாய்வார்த்தை மட்டும் அல்ல, அறை கூட்டியிருக்கிறதா, துணி துவைத்திருக்கிறதா என்று பார்ப்பதும்தான்.

விதிகளும் உண்டு. நெருங்கிய சொந்தம் உடனே போகலாம், மற்றவர்கள் மூன்று நாள் கழித்துப் போவது நல்லது. வயிற்றுப்போக்கு உள்ளவரை நேரில் பார்த்துக் கூச்சப்படுத்தக் கூடாது. பேசச் சிரமப்படுபவரிடம் பேச்சுக் கொடுக்கக் கூடாது. வெளியே இருந்து வீட்டாரிடம் என்ன தேவை என்று கேட்டுச் செய்துவிட்டு வர வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, நீ செய்த பாவத்தால்தான் இது வந்தது என்று சொல்லக் கூடாது. பைபிளில் யோபுவின் நண்பர்கள் அவரிடம் அப்படித்தான் பேசினார்கள். அது சொல்லால் செய்யும் கொடுமை என்று தல்மூத் தடுத்தே விட்டது.

மாலை நேரத்தில் எந்த அரசாங்க மருத்துவமனை வார்டுக்கும் போய்ப் பாருங்கள். வேனில் பத்துப் பேர் வந்து கட்டிலைச் சுற்றி நிற்பார்கள். அந்தப் பாசத்தைக் குறை சொல்ல மாட்டேன். யாரும் வராத கட்டிலில் கிடப்பவரைப் பார்த்தால் அதன் அருமை தெரியும். ஆனால் கால் புண்ணுக்காகப் படுத்திருப்பவரிடம், இதே மாதிரிதான் எங்கள் மாமாவுக்கு முட்டிக்குக் கீழே எடுத்தார்கள் என்று ஒருவர் ஆரம்பிப்பார். இன்னொருவர் ஏழரைச் சனி என்பார். யாரோ வைத்துவிட்டார்கள் என்று மூன்றாமவர் கிசுகிசுப்பார். அட்டைப்பெட்டியில் வந்த இனிப்பு பானம் கட்டிலுக்கு அடியில் இருக்கும், படுத்திருப்பவருக்கு இனிப்பு நீர்!

இனி, தொடங்கிய கேள்விக்கு. நம் மரபில் நோயாளிக்கு விலக்கு இல்லையா? இருக்கிறது. நோயாளிகள், கர்ப்பிணிகள், குழந்தைகள் விரதத்தைத் தளர்த்திக்கொள்ளலாம் என்று எந்தக் குருக்களைக் கேட்டாலும் சொல்வார். உடம்பு அழிந்தால் உயிரும் நிலைக்காது என்று உடம்பைப் பேணிய திருமூலரும் நம்மவர்தாம். பக்கத்து வீட்டு முஸ்லிம்களுக்கு ரமலான் விரதத்தில் நோயாளிக்கு விலக்கு குர்ஆனிலேயே இருக்கிறது. நம்மிடம் குறைவது விதி அல்ல, அதை முன்கூட்டியே உரக்கச் சொல்லும் வாய். கேட்டால்தான் சொல்கிறோம். நேர்த்திக்கடன் வைத்தவரோ கேட்பதில்லை; கேட்பதே நம்பிக்கைக் குறைவு என்று நினைக்கிறார். கொடியேற்றத்துக்கு முன் ஆலயங்கள் ஒலிபெருக்கியில் உபயக்காரர் பட்டியலும் அன்னதான நேரமும் படிக்கும்போது, இனிப்பு நீர், சிறுநீரகம், இருதய நோய் உள்ளவர்கள் மருந்தை நிறுத்த வேண்டாம், சாப்பிட்டுவிட்டுப் பால்குடம் எடுத்தால் குற்றம் இல்லை என்று ஒரு வரி சேர்த்துப் படிக்கலாம். தலைவரோ குருக்களோ தம் வாயால் படித்தால் இன்னும் நல்லது.

அதுவரை வீட்டில் இருப்பவர்கள் செய்யக்கூடியது இது. ரமலானுக்கு முன் இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு மருந்து நேரத்தையும் அளவையும் மாற்றிக் கொடுப்பது அரசாங்க கிளினிக்குகளில் பழகிப்போன வேலை. தைப்பூச விரதத்துக்கும் அதே டாக்டரிடம் கேட்கலாம். ஒன்றிரண்டு மாதம் முன்னதாகவே கேளுங்கள், நாமாக மாத்திரையைக் குறைக்க வேண்டாம். பால், பழம் மட்டும்தானே என்று வாழைப்பழத்தையும் சீனி போட்ட தேநீரையும் அடிக்கடி எடுத்துக்கொள்வதும் விரதம் ஆகாது, சர்க்கரைதான் ஏறும். ஊசி போடுபவர்கள் விரலில் குத்திப் பார்க்கும் கருவியை மஞ்சள் பையிலேயே வைத்துக்கொள்ளட்டும். வியர்த்து, கை நடுங்கி, அளவு 4க்குக் கீழே இறங்கினால் ஊர்வலத்தின் நடுவில் இருந்தாலும் உடனே இனிப்பாக எதையாவது கொடுத்து உட்கார வையுங்கள். பால்குடத்தைப் பக்கத்தில் இருப்பவர் வாங்கிக்கொள்ளலாம்.